வானத்துக்குக் குறுக்கே ஒரு போர்வை

"கொஞ்சம் தள்ளி நில்லேன்! உன் போர்வை மூணு கட்டடத்தை முழுங்கிடுச்சு."

கத்திய வேகத்தில் காமிராப் பொத்தானில் விரல் அழுந்தி, வேண்டாத படம் ஒன்று விழுந்தது.

"கட்டடம் எங்கேயும் ஓடாதுங்க. போர்வை காயணும்," என்றாள் மனைவி, பல்லிடுக்கில் கடித்த கிளிப்போடு.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முட்டிபோட்டிருந்தவர் காமிராவை இறக்கினார். அதன் தலையில், சாய்ந்தால் குமிழி நகரும் சின்ன ரசமட்டம் ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார். லிப்ட் மெக்கானிக். லிப்ட்டின் தரையும் மாடியின் தரையும் ஒரு நூல் பிசகாமல் நிற்கிறதா என்று முப்பத்தோரு வருஷம் பார்த்த பழக்கம். கம்பெனியில் அவருக்குப் பெயரே ரசமட்டம்தான்.

கம்பெனி காலண்டரின் அட்டைக்கு, ஊழியர் ஒருவர் எடுத்த நகரப் படத்தை வருஷாவருஷம் தேர்ந்தெடுப்பார்கள். நாலு வருஷமாக அனுப்பினார். நாலிலும் மேகமே இல்லாத நீலவானம், கீழே கோடு கிழித்தாற்போல் கட்டடங்கள். சுவருக்குப் பெயிண்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்று நாலும் திரும்பி வந்தன. அடுத்த மாதம் ஓய்வு. படம் கொடுக்க இன்று மாலைதான் கடைசி. நல்லவேளையாக இன்று மேகம் பொதி பொதியாக வந்து நின்றிருந்தது.

"வெறும் வானம்னா கட்டடம்தான் நிறையணும். மேகம் இருந்தா கட்டடத்தைக் கீழே இறக்கி, வானத்துக்கு முக்கால் பங்கு கொடுக்கணும்."

"தாராளமாக் கொடுங்க. மிச்சக் கால் பங்குல போர்வை இருந்துட்டுப் போகட்டும்."

ரசமட்டம் மூளையைக் கசக்கினார். "கீழே போன் அடிக்குது பாரு. உன் தங்கச்சியாத்தான் இருக்கும்."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். "அவளா? பிடிச்சா விடமாட்டாளே," என்று படியிறங்கினாள்.

போர்வை, இரண்டு சட்டை, நாலு தலையணை உறை எல்லாவற்றையும் உருவிச் சுருட்டினார். குமிழி நடுவில் வந்து நிற்க நிற்க நாற்பத்திரண்டு படம் எடுத்தார்.

அவள் டீயோடு வந்தாள்.

"என்ன சொன்னா தங்கச்சி?"

"போன் என் இடுப்புலதானே இருந்துச்சு. வேலை முடிஞ்சுதா?"

அவர் முகத்தில் அசடு வழிந்தது. டீயை மளமளவென்று குடித்தார்.

படத்தை அனுப்புவது எப்போதும் அவள் இலாகா. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "எதை அனுப்ப?" என்றாள்.

"கடைசியில எடுத்ததை. குமிழி அசையவே இல்லை."

"சரிங்க."

ஒரு வாரம் கழித்து மேனேஜர் போன் செய்தார். அவளும் கேட்கட்டும் என்று ரசமட்டம் ஸ்பீக்கரில் போட்டார்.

"அட்டைப்படம் உங்களுதுதான்! போர்வை பறக்குது, அம்மா வாயில கிளிப்போட நிக்கிறாங்க, பின்னாடி அத்தனை மேகம். சாய்ஞ்சிருக்கிறதுகூடக் காத்தடிக்கிற மாதிரி இருக்கு. எப்படிங்க யோசிச்சீங்க?"

ரசமட்டம் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அனுபவம்தான் சார். அவளை அங்கே நிக்க வெச்சதே நான்தான்."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஆமாங்க. தள்ளி நில்லுன்னு இவர்தான் சொன்னாரு."

போனை வைத்ததும் உள்ளே போனார். "அதைப் போய் ஏன் அனுப்பின?"

"நாலு வருஷமும் படம் திரும்பி வந்த அன்னிக்கு நீங்க சரியாச் சாப்பிடலை," என்றாள், பாத்திரத்தைக் கழுவியபடி.

மறுநாள் காலை மறுபடியும் மேகம். காமிராவோடு ஏறினார். மாடி காலியாக இருந்தது. குமிழி நடுவில் நின்றது. அப்படியே வெகுநேரம் பார்த்தார். பிறகு இறங்கிப்போய், அலமாரியில் மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்துவந்து கொடியில் விரித்தார்.

அவள் துணிக்கூடையோடு வந்தாள். போர்வையைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. வாயிலிருந்த கிளிப்பை எடுத்து அதன் ஓரத்தில் குத்தினாள்.