அரியரத்தினத்தின் மேம்பட்ட தோள்

முதலில் கேட்டது ஒரு 'டொக்'. அதற்குப் பின்னால் ஏதோ சிறிய உருண்டைச் சாமான் தரைவிரிப்பில் ஓடுகிற சத்தம். அதற்குப் பின்னால் ஒரு பெருமூச்சு. மூன்றும் பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து வந்தன. நாங்கள் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். திரும்பவும் டொக், ஓட்டம், பெருமூச்சு.

"உள்ளுக்க ஏதோ பெரிய ஆராய்ச்சி நடக்குது போல தம்பி" என்றார் அரியரத்தினம் அண்ணன், குரலை இறக்கி. அலுவலகங்களுக்கு வந்தால் அவர் கோயிலில் கதைப்பதுபோலத்தான் கதைப்பார்.

அந்த அலுவலகத்தின் பெயர் மேல்மூட்டு நிலைமைகள் மதிப்பீட்டுப் பணியகம். ஒரு மனிதனுக்குத் தோள் நோகிறதா இல்லையா என்பதை அந்த மனிதனைத் தவிர்ந்த வேறொருவர் தீர்மானிக்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்துடன் அமைக்கப்பட்டது.

எங்கள் விசயம் மிகச் சின்னது. அண்ணனும் நானும் மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள களஞ்சியம் ஒன்றில் இரவு வேலை. கொள்கலனில் வருகிற பெட்டிகளைக் கையால் இறக்கி அடுக்குவது. நான் பிந்திச் சேர்ந்தவன். அண்ணன் மட்டக்களப்பிலிருந்து வந்த வருசமே அந்தக் கொள்கலனுக்குள் நுழைந்தவர், இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. அதன் பலனாக அவருடைய வலது தோள் இடது தோளிலும் பார்க்க நாலு விரல் கீழே இறங்கி, பின்பக்கமாக இழுபட்டும் நின்றுவிட்டது. கை நெஞ்சு மட்டத்துக்கு மேலே எழும்பாது. சட்டை மாட்டிவிடுவது அவருடைய மனைவி யோகமலர் அக்கா. டொக்டர் படமெடுத்துப் பார்த்து, உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, இனி இருந்து செய்கிற வேலைதான் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்.

இருந்து செய்கிற வேலையும் இருந்தது. வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு கதிரை. வருகிற லொறியின் இலக்கத்தைப் பார்த்துப் பொத்தானை அமத்தினால் தடுப்பு எழும்பும். அதில் இருந்த போர்த்துக்கல்காரர் வயது வந்து இளைப்பாறிவிட்டார். கம்பெனி தெளிவாகச் சொன்னது: பணியகம் ஓமென்றால் கதிரை, இல்லையென்றால் பெட்டி.

கதவு திறந்தது. உள்ளே ஒருவர் கையில் நீண்ட தடியுடன் நின்றார். சுவரோரம் ஒரு கோப்பிக் குவளை சரிந்து கிடந்தது. அதைச் சுற்றி வெள்ளைப் பந்துகள், ஒன்றுகூட உள்ளே இல்லை. மேசைப் பலகையில் 'ராஜசேகரன், முதுநிலை மதிப்பீட்டாளர்' என்றிருந்தது. தமிழர்! அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். பாதி அலுவல் முடிந்தது என்று இருவரும் நினைத்துக்கொண்டோம். எங்கள் ஆட்கள் பாதி அலுவலோடு ஏமாறுவது எப்போதும் இந்த இடத்தில்தான்.

"வாங்க சார், வாங்க" என்றார் ராஜசேகரன், சென்னைத் தமிழில். "சும்மா இயல்பா நில்லுங்க. எங்க வலி?"

அண்ணன் இயல்பாக நின்றார்.

ராஜசேகரன் தடியைக் கீழே வைத்தார். அண்ணனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு எதிர்ப்பக்கமாக ஒருமுறை நடந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"யாரு சார் உங்க கோச்?"

"என்ன சேர்?"

"இந்தத் தோள். யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"ஆரிட்டயும் படிக்கல்ல. பெட்டி இறக்கி வந்தது."

"நம்பவே முடியல." அவர் என் பக்கம் திரும்பினார். "சார், கோல்ஃப்ல எல்லாமே பந்தை அடிக்கறதுக்கு முன்னாடி நிக்கிற நிலையிலதான் இருக்கு. வலது கை தடியில கீழ பிடிக்குது இல்லையா, அப்போ வலது தோள் கொஞ்சம் கீழ இருக்கணும். ரெண்டு தோளையும் சேர்த்து ஒரு கோடு போட்டா, பந்து போக வேண்டிய கோட்டுக்கு அது இணையா இருக்கணும். அவ்வளவுதான். ஆனா எனக்கு வலது தோள் முன்னாடி வந்துடுது. பந்து வளைஞ்சு வலது பக்கம் ஓடிடுது. ரெண்டு வருஷமா காசு குடுத்துக் கத்துக்கறேன். போன வாரம் எங்க டைரக்டர் முன்னாடி, நேரா குளத்துல."

"இவருக்கு வலது தோள் முன்னுக்கு வராது" என்றேன். "நார் கிழிஞ்சிருக்கு."

"அதைத்தான் சொல்றேன்! வரவே வராது!"

அவர் தடியை எடுத்து அண்ணனின் இரண்டு தோள்களின் மேலும் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடி, ஜன்னல் விளிம்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். அதிசயத்தில் தலையாட்டினார்.

"கையைத் தூக்குங்க."

"தூக்க ஏலாது சேர்."

"எதுவரைக்கும் வரும்?"

"இவ்வளவும்தான்."

"போதும். அதுக்கு மேல தூக்கறதுதான் எல்லாரும் பண்ற தப்பு."

தீர்மானம் அந்த வாரமே வந்தது. மிக நேர்மையாக எழுதப்பட்டிருந்தது. பணியகத்தின் விதிகளின்படி தோளில் ஏற்படும் எந்த மாற்றமும் ஒன்றில் பாதிப்பு, அல்லது மேம்பாடு. விண்ணப்பதாரரின் தோளில் மாற்றம் ஏற்பட்டிருப்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. மேற்படி மாற்றம், பெருந்தொகையான மக்கள் தமது சொந்தப் பணத்தைச் செலவிட்டும் அடைய முடியாத ஒழுங்கமைவாகும். ஆகவே இது மேம்பாடு. இம்மேம்பாடு விண்ணப்பதாரர் செய்துவரும் தொழிலாலேயே கிடைத்ததென்பதால், அத்தொழிலை நிறுத்துவது அதனை இழக்கும் அபாயத்துக்கு இட்டுச்செல்லும். அன்னார் பெட்டிகளைத் தொடர்ந்து இறக்குமாறு பரிந்துரைக்கப்படுகிறது.

யோகமலர் அக்கா அதை என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னா.

"அப்ப இவருக்கு வலிக்கிறது?"

"அதைப் பற்றி ஒண்டும் இல்ல அக்கா. நல்லா வந்திருக்காம்."

"என்னகா இது? நல்லா வந்த தோளுக்கு நான் ஏன் சட்டை போட்டு விடுறன்?"

மேன்முறையீடு செய்யலாம் என்று கீழே போட்டிருந்தது. அதற்கு விண்ணப்பதாரரை நன்கு அறிந்த சமூக அமைப்பொன்றின் சாட்சியம் வேண்டும். அதனால் ஆற்றுக்கு அக்கரையில் வசதியானவர்கள் குடியிருக்கிற புரோசார்ட்டுக்குப் போனோம். அங்கே ஞானேந்திரன் இருந்தார். வீடு வாங்கி விற்பவர், எங்கள் கிழக்கு மக்கள் ஒன்றியத்தின் தலைவர், அண்மைக்காலமாகக் கோல்ஃப்காரர்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஒன்றியத்துப் பெரியவர்களுக்கு முன்பு பெரிய கார் போதுமாக இருந்தது. பிறகு எல்லாரும் பெரிய கார் வாங்கிவிட்டதால் பெருமைக்கு வேறு வழி பார்க்க வேண்டியதாயிற்று. இரண்டு கோடைக்கு முன்னர் யாரோ ஒரு வங்கி முகாமையாளர் இவர்களைப் புல்வெளிக்குக் கூட்டிப்போனார். அன்று தொட்டு வெள்ளைக் காற்சட்டை, இடது கையில் மட்டும் உறை. கலியாண வீட்டில் பந்தியில் இருக்கும்போதுகூட அந்த உறையைக் கழற்றுவதில்லை. சோறு வலது கையால்தானே என்று ஒரு விளக்கம். காரின் பின்பெட்டியில் அரிசிச் சாக்குக்கு மேலே தடிப் பை. இத்தனை இருந்தும் ஒருவருடைய பந்தும் நேராகப் போவதில்லை. ஞானேந்திரனின் பந்து ஒருமுறை வேலி தாண்டி ஒரு கார்டெரியின், அதாவது குழந்தைகள் காப்பகத்தின், மணல்மேட்டில் விழுந்து, பிள்ளைகள் அதைத் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

அண்ணன் தீர்மானத்தை நீட்டினார். "தலைவர், எனக்குத் தோள் ஏலாதெண்டு ஒன்றியத்தால ஒரு கடிதம் தந்தாக் காணும்."

ஞானேந்திரன் வாசித்தார். எழும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார்.

"அரியம்! அரசாங்கம் கையெழுத்து வைச்சுத் தந்திருக்கு! இந்த மொன்றியலில வெள்ளைக்காரனுக்குக்கூட இப்பிடி ஒண்டு இல்ல!"

"இல்லத் தலைவர், எனக்கு அந்தக் கதிரை..."

"கதிரைய விடுங்க. கடிதம் ஆரும் எழுதலாம். ஒன்றியம் உங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யும்."

செய்தது. ஆண்டு விழாவில் அண்ணனுக்குப் பொன்னாடை. 'நேர்தோள் நாயகர்' என்று பட்டம். பொன்னாடை சரிந்த தோளில் நிற்காமல் வலது பக்கமாக விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாந்தரம் விழுந்தபோது ஒருவர் ஊசி கொண்டுவந்து குத்தினார். சதையிலும் கொஞ்சம் குத்திவிட்டது. அண்ணன் முனகியதை ஒலிவாங்கி சபை முழுக்கக் கேட்கச் செய்தது. சபை அதை ஆனந்த விம்மல் என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது. நானும் தட்டினேன்.

பிறகு சட்டமிட்ட வாழ்த்துமடலை ஞானேந்திரன் வாசித்தார். எங்கள் ஆட்களுக்கு ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னால் இரண்டே வகைதான் தெரியும், ஒன்று மரண அறிவித்தல், மற்றது இது:

மலையினை நிகர்த்த மணித்தோளோய்!
மலைபோற் சுமையையும் மலரெனச் சுமந்தோய்!
நோவெனும் சொல்லையே நீ அறியாய்!
நேர்கோடும் உன்னிடம் நெறிகேட்கும்!

அண்ணன் அழுதார். இந்த முறை ஊசியால் அல்ல. இத்தனை வருசம் பெட்டி இறக்கியதில் அவரைப் பார்த்து ஒருவரும் 'ஓய்' என்று முடிகிற நல்ல சொல் எதுவும் சொன்னதில்லை.

அதற்குப் பின்னர் நடந்தவை வேகமாக நடந்தன. வலது தோளைத் தொங்கவிடுவது பாஷனாயிற்று. ஜான்-டலோன் சந்தையில் எங்கள் ஆண்கள் பூசணிக்காய் எல்லாவற்றையும் வலது கையிலேயே தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். வலது பொக்கற்றுக்குள் இரும்புக் குண்டு போட்டவர்களும் உண்டு. ஒரு கலியாணத்தில் படமெடுத்தவர், தன் கமராதான் பிழையென்று நினைத்து அதைச் சரித்துச் சரித்துப் பார்த்தார். களஞ்சியத்தில் எங்களோடு வேலை செய்கிறவர்களில் தோள் நோவென்று டொக்டரிடம் போகவிருந்த நாலைந்து பேர் போகாமல் நின்றார்கள். குணமாகிவிட்டால் என்ன செய்வது?

மேன்முறையீட்டு நாள் வந்தது. விசாரித்தவரும் ராஜசேகரன்தான். ஆனால் அன்றைக்கு டை கட்டி, மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தார். பக்கச்சார்பு இருக்கக்கூடாதாம். அவருக்குப் பின்னால் சுவரில், முதல்முறை போனபோது எடுத்துவைத்த அண்ணனின் முதுகுப் படம் பெரிதாகத் தொங்கியது. எங்களுக்குப் பின்னால் ஞானேந்திரனும் ஒன்றியத்துப் பேராளர்களும் வெள்ளைக் காற்சட்டையில்.

"சமூக அமைப்பின் சாட்சியம்னு உங்க தலைவர் அனுப்பின மடலை ஃப்ரெஞ்சுல மொழிபெயர்த்து வாங்கிட்டோம்" என்றார் ராஜசேகரன். "மலை மாதிரி தோள். சுமை பூ மாதிரி. வலிங்கற வார்த்தையே தெரியாதவர். சார், இதுக்கு மேல என்ன மெடிக்கல் எவிடென்ஸ் வேணும்?"

"அது வாழ்த்துமடல் சேர்" என்றேன். "அப்பிடித்தான் எழுதுவாங்கள். எல்லாருக்கும் அதைத்தான் எழுதுவாங்கள்."

"அமைப்போட முத்திரை இருக்கே?"

இருந்தது. பொன்னிறத்தில்.

ராஜசேகரன் டையைத் தளர்த்தினார். உண்மையைச் சொன்னால் அவர் கெட்ட மனிதர் அல்ல. அதுதான் இந்த அலுவலகங்களில் உள்ள பெரிய கரைச்சல். "அரியரத்தினம் சார், ஒண்ணே ஒண்ணு. விதியில இடம் இருக்கு. இதுல எழுதியிருக்கறது பொய்னு நீங்க வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இதைத் தள்ளிட்டு டாக்டர் சொன்னதை எடுத்துக்கறேன். இன்னிக்கே கையெழுத்து. நாற்காலி உங்களுது."

ஞானேந்திரன் செருமினார்.

"அரியம், யோசிச்சுக் கதைங்க. உங்கட விருப்பம். ஆனா எல்லாரும் இருக்கிறாங்க."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். வரிசையாக எல்லோருடைய வலது தோளும் பக்தியோடு கீழே இறங்கியிருந்தது. நான் அவருடைய காலை மெல்ல உதைத்தேன். சொல்லுங்க அண்ணன், ஒரு சொல்.

அவர் சுவரிலிருந்த தன் முதுகைப் பார்த்தார்.

"எழுதினது எழுதினதுதானே சேர்" என்றார்.

"அப்போ உண்மைன்னு எடுத்துக்கலாமா?"

"அவ்வளவு பேர் கைதட்டினவங்க."

மேன்முறையீடு தள்ளுபடி என்று முத்திரை விழுந்தது. பேராளர்கள் எழும்பி நின்று திரும்பவும் கைதட்டினார்கள். ராஜசேகரன், போவதற்கு முன் ஒரு நிமிடம் அப்படியே நில்லுங்கள் என்று கேட்டு, அண்ணனுக்குப் பக்கத்தில் தானும் நின்று தோளைச் சரிபார்த்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனபோது யோகமலர் அக்கா குசினியில் நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தா. எங்கள் முகத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினா. நடந்ததை நான் சொன்னேன். அண்ணன் யன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான பொருளைத் தேடினார்.

"பொய்யெண்டு சொல்லல்லையா? ஒரு சொல்லு?"

"அவ்வளவு பேர் இருந்தாங்க புள்ள" என்றார் அண்ணன்.

"சட்டை மாட்டிவிட அவங்க வருவாங்களா?"

அக்கா என்னிடம் திரும்பினா.

"அப்ப அந்தக் கதிரை ஆருக்கு?"

"ஆருக்கும் இல்ல அக்கா. சும்மாதான் கிடக்கு. கேக்கிறதெண்டா தோள் நோகுதெண்டு சொல்லோணும். எங்கட பகுதியில இப்ப ஒருத்தருக்கும் நோகிறதில்ல."

"உனக்கும் இடுப்பும் தோளும் நோகுதெண்டு போன மாசம் இதில இருந்து அழுதியே. நீ கேக்கலாமே?"

நான் வலது தோளைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டேன்.

"நான் அடுத்த வருச நேர்தோள் நாயகர் பட்டத்துக்குப் பேர் குடுத்திருக்கன் அக்கா."

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு நெத்தலி கிடந்த சருவச் சட்டியை மடிக்குக் கிட்டவாக இழுத்து, ஒரு நெத்தலியை எடுத்துத் தலையைக் கிள்ளிப் போட்டா. அடுத்ததை எடுத்தா.