நிறுத்தும் சொல்

களபநாட்டில் யானைகளுக்குப் பஞ்சம் இல்லை. நிற்கிற யானைகளுக்குத்தான் பஞ்சம்.

அந்த நாட்டை ஆண்ட முழக்கவர்மருக்குப் பேச்சென்றால் உயிர். காலையில் எழுந்ததும் கண்ணாடியைப் பார்த்து ஒரு வரவேற்புரை ஆற்றிவிட்டுத்தான் பல் துலக்குவார் என்று அரண்மனையில் சொல்லிக்கொள்வார்கள். ஒருநாள் பேச்சு வேகத்தில் 'ஊருக்கொரு யானை' என்றொரு திட்டத்தை அறிவித்துவிட்டார். அறிவித்தபின் செய்யாமல் இருக்க முடியுமா? கடல்கடந்த வெண்குன்ற நாட்டிலிருந்து யானைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின.

நல்ல யானைகள்தான். காதுக்குப் பின்னால் ஒரு தட்டுத் தட்டினால் நடந்தன. நிறுத்துவதற்கு மட்டும் வெண்குன்றத்தில் ஏதோ ஒரு சொல் வைத்திருந்தார்கள். யானை வாங்கப் போன தூதுக்குழு விருந்து மும்முரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு வர மறந்துவிட்டது. ஆகவே கிளம்பிய யானை, பசியெடுக்கும்வரை நடந்தது. குறுக்கே வேலி வந்தால் வேலி, வீடு வந்தால் வீடு. கரும்பைக் காட்டினால் கரும்புப் பக்கம் திரும்பும். ஆனால் தின்றுகொண்டே நடக்கும்.

எல்லையோரம் தாழைமேடு என்று ஓர் ஊர். அவ்வூர் யானைக்குப் பாகன் காளத்தி. அவன் மனைவி பொம்மி கடைத்தெருவில் இட்லிக்கடை வைத்திருந்தாள். யானை முதல்முறை கடைக்குள் நடந்தபோது கூரை போயிற்று. இரண்டாம்முறை இட்லிப் பானை போயிற்று. பானை அவள் அம்மா கொடுத்த சீர் என்பதால் காளத்திக்கு அன்றைய சோறும் போயிற்று.

"இந்தா பாரு, இன்னொரு தடவ உன் யானை என் கடைக்குள்ள காலு வச்சுது, நீ அது மேலயே குடும்பம் நடத்திக்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் பொம்மி. சொன்னதோடு நில்லாமல் துணிகளை மூட்டையாகவும் கட்டி வைத்துவிட்டாள். காளத்தி வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் முதலில் அந்த மூட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வான்.

நாடெங்கும் இதே கதைதான். பாகர்கள் எல்லோரும் அகில களபநாட்டு யானைப்பாகர் சங்கத்திடம் முறையிட்டார்கள். சங்கத்தின் தலைவர் அமைச்சர் நயவசனர். வாழ்நாளில் ஒருமுறைகூட யானைமேல் ஏறாதவர் என்பதால் யானை விஷயத்தில் நடுநிலையானவர் என்று அவரைப் போட்டிருந்தார்கள்.

"ஒரே ஒரு சொல்தானே? ஓலையில் எழுதி ஊர் ஊராக அனுப்பிவிட்டால் முடிந்தது" என்றார் ஆலோசனைக் கூட்டத்தில் ஒரு மூத்த பாகர்.

நயவசனர் அவரைக் கனிவோடு பார்த்தார். "ஐயா, தாங்கள் சொல்வது தகவல். நாம் வழங்க இருப்பது கல்வி."

அப்படித்தான் 'நிறுத்தற்கலை: இணையவழித் தொடர்கல்வி நேரலை' பிறந்தது. பாகர்களுக்கு ஆளுக்கொரு கைபேசி கொடுக்கப்பட்டது. திட்டக்குழு, அழைப்பிதழ்க்குழு, பொன்னாடைக்குழு, இந்த மூன்றும் சண்டை போட்டால் விலக்கிவிட ஒரு குழு எல்லாம் அமைந்தன. வெண்குன்றத்திலிருந்து லோகிமா அம்மையார் என்ற யானைப் பயிற்றுநரை வரவழைத்தார்கள். வந்திறங்கியதும் அவரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டார்கள்: அந்தச் சொல் சங்கத்தின் சொத்து, நேரலைக்கு வெளியே அதை எந்தப் பாகனிடமும் சொல்லக் கூடாது.

முதல் நேரலை வந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை, அறிமுகவுரை, அறிமுகம் செய்தவரை அறிமுகம் செய்யும் உரை என்று வரிசையாக நடந்தன. லோகிமா அம்மையார் வேறொரு மாளிகையில் திரைக்கு முன் அமர்ந்திருந்ததால், பொன்னாடையை அவர் முகம் தெரிந்த கணினிமேல் போர்த்தினார்கள். அது கேமராவையும் சேர்த்து மூடிவிட்டது. மரியாதையை எப்படி எடுப்பது என்று யாரும் எடுக்கவில்லை. பிறகு வேந்தர் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். பொன்னாடைக்கு அடியிலிருந்து அம்மையாரின் குரல் கடைசியில்தான் வந்தது. "வணக்கம். இந்த யானைகளை நிறுத்த நீங்கள் சொல்ல வேண்டியது..."

"நேரமின்மையால் நன்றியுரைக்குச் செல்கிறோம்" என்றார் நயவசனர்.

பாகர்கள் கொதித்துப்போனார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கைபேசிக்குள் கத்தினார்கள். அதில் சிலர் சொன்னது அச்சில் ஏறாது. மறுநாளே முதல் ஆணை வந்தது. இனி நேரலையில் பாகர் யாவரும் மியூட்டில் இருக்க வேண்டும். கைதட்டும் பொத்தான் மட்டும் வேலை செய்யும். கேள்வி இருந்தால் கை தூக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, நேரலையை நடத்துபவர் அனுமதிக்கும்வரை காத்திருக்கலாம்.

இரண்டாம் நேரலையில் எல்லோரும் கை தூக்கினார்கள். நயவசனரிடம் 'எல்லாக் கைகளையும் இறக்கு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அவர் அதை அழுத்தினார். நாடு அமைதியடைந்தது. அன்றும் நேரமின்மை ஏற்பட்டது. முடிவில் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். வேந்தரின் உரை எப்படி? மிக நன்று, மிகமிக நன்று. இரண்டில் ஒன்றைத் தொட்டால்தான் திரை மூடும். மக்களின் ஒருமித்த ஆதரவு கண்டு வேந்தர் நெகிழ்ந்தார்.

நெகிழ்ச்சியில் இரண்டாம் ஆணை பிறந்தது. கல்வியால் வேலை கெடக் கூடாது, ஆகவே பாகர்கள் நேரலையை யானைமேல் அமர்ந்தபடியே காண வேண்டும். தூங்கிவிடாமல் இருக்க, திரையில் மணியடிக்கும் போதெல்லாம் 'நான் கவனிக்கிறேன்' என்பதை அழுத்த வேண்டும். தவறினால் அந்த மாதத் தீவனப்படி கிடையாது. முன்பெல்லாம் யானை எங்கே போகிறது என்று பாகனாவது பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அதுவும் போயிற்று. பாகர்கள் குனிந்த தலை நிமிராமல் கவனித்தார்கள். யானைகள் சந்தை, களத்துமேடு, கல்யாணப் பந்தல் எல்லாவற்றையும் கடந்து போயின.

ஒரு பாகன் மட்டும் பொறுக்க முடியாமல் வாய்க்கு வந்த சொல்லையெல்லாம் யானையிடம் சொல்லிப் பார்த்தான். ஏதோ ஒரு சொல்லுக்கு யானை கீழ்ப்படிந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த இடம் வரிவசூல் அதிகாரியின் வீடு. உடனே மூன்றாம் ஆணை. நிறுத்தற்கலைச் சான்றிதழ் இல்லாத எந்தக் குடிமகனும் யானையிடம் ஒரு சொல்லும் பேசலாகாது. பேச நேர்ந்தால் கை தூக்கி, நேரலையை நடத்துபவரின் அனுமதி பெற வேண்டும். மீறினால் நாடுகடத்தல். சான்றிதழ் வேண்டுமென்றால் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும். சொல்லைத்தான் இன்னும் சொல்லவில்லையே!

இதற்கிடையில் லோகிமா அம்மையாருக்கு அரண்மனைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டு ஞாபகம் வேறு. தம் நாட்டு மலை போல ஒன்றாவது கண்ணில் படட்டும் என்று எல்லைப்பக்கம் வந்தவர், பொம்மி கடையில் இட்லி சாப்பிட உட்கார்ந்தார்.

சட்னியை ஊற்றிக்கொண்டே பொம்மி கேட்டாள். "ஏம்மா, அந்தச் சொல்லு என்னதாம்மா? அதச் சொல்றதுக்கா இத்தன விளக்கு ஏத்துறாங்க?"

அம்மையார் கையில் இருந்த இட்லியைத் தட்டில் வைத்தார். "நீங்கள் பாகரா?"

"நான் ஏம்மா பாகனாவுறேன்? அந்தப் பாவத்தக் கட்டிக்கிட்டவ."

"இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து என்னிடம் நேரில் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்" என்றார் அம்மையார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பொம்மியின் காதில் சொல்லைச் சொன்னார். சின்னச் சொல்தான். இங்கே எழுதலாம் என்றால் எனக்கும் சான்றிதழ் இல்லை.

அன்று சாயங்காலம் காளத்தி யாரும் இல்லாத தோப்பில் யானையின் காதருகே குனிந்து அதை முணுமுணுத்தான். யானை நின்றது. காளத்தி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். வீட்டில் மூட்டை அவிழ்ந்தது. பாகனிடமிருந்து பாகனுக்கு, சந்தையில், சாவடியில், சவரக்கடையில் சொல் பரவியது. சில நாளில் நாட்டில் அது தெரியாதவர்கள் அரண்மனையில் மட்டுமே இருந்தார்கள். யானைகள் எல்லாம் தேவையான இடத்தில் ரகசியமாக நின்றன.

யானைகள் அடங்கியதைக் கேள்விப்பட்ட வேந்தர், அது தம் உரைகளின் பயன் என்று கண்டுகொண்டார். அடுத்த நேரலையை யானைமேல் இருந்தே தொடங்கிவைக்க முடிவு செய்தார். பாகன் முன்னால் உட்கார்ந்தால் யானைத் தலையில் கட்டிய கைபேசியின் படத்தில் மறைக்கும் என்று அவனைப் பின்னால் நடந்துவரச் சொன்னார். யானையைத் தட்டினார்கள். அது நடந்தது. மேடை வந்தது, யானை மேடைமேல் ஏறி மறுபக்கம் இறங்கிப் போயிற்று. மதில் வந்தது, மதிலும் போயிற்று.

"ஐயோ, யாராவது நிறுத்துங்கள்!" என்று வேந்தர் அலறினார்.

எழுதிக்கொடுத்த உரையில் அந்த வரி இல்லை. நயவசனர் சட்டென்று வேந்தரை மியூட்டில் போட்டார். நாடெங்கும் திரையில் வேந்தர் வாயைத் திறந்து திறந்து மூடினார். இவ்வளவு உணர்ச்சியாக அவர் பேசி யாரும் பார்த்ததில்லை. கைதட்டல் குவிந்தது.

யானை நேர்ச்சாலையில் ஊர்கள் பல தாண்டித் தாழைமேட்டுக்கு வந்தது. கிரீடம் எங்கோ விழுந்துவிட்டது. வேந்தருக்குத் தொண்டை கட்டிவிட்டது. எதிரே காளத்தி கைபேசியோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இட்லிக்கடை.

"அடேய், உனக்கு அந்தச் சொல் தெரியுமா?"

"தெரியுங்க மகாராஜா."

"சொல்லேனடா!"

சொல் காளத்தியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. பிறகு நாடுகடத்தலை நினைத்துக்கொண்டான். "சான்றிதழ் இல்லீங்களே. அப்பவே பொத்தான அழுத்திக் கை தூக்கிட்டேங்க. இன்னும் அனுமதி வரல."

"நான் அனுமதிக்கிறேன்!"

"நீங்க அனுமதிச்சாப் பத்தாதுங்க. நடத்துறவர்தான் அனுமதிக்கணும். ஆணையில உங்க முத்திரையே இருக்குதுங்களே."

தெருவே கை தூக்கி நின்றது. சட்டத்தை அந்த ஊர் அதற்குமுன் அவ்வளவு மதித்ததே இல்லை. யானை கடையை நோக்கி வந்தது. பொம்மி மட்டும் காத்திருக்கவில்லை. கொல்லையிலிருந்து ஒரு கட்டுக் கரும்பை இழுத்து வந்து எல்லைச் சாலைப்பக்கம் எறிந்தாள். கரும்பு தருவதற்கு எந்த ஆணையும் தடையில்லை. யானை திரும்பியது. வேந்தரும் திரும்பினார்.

தலைநகரில் நயவசனரின் திரை முழுக்கக் கைகள். வேந்தர் உரையாற்றும்போது இப்படியொரு ஒழுங்கீனமா என்று அவர் வழக்கமான பொத்தானை அழுத்தினார். காளத்தியின் கைபேசியில் 'தங்கள் கை இறக்கப்பட்டது' என்று வந்தது. அவன் கையை இறக்கினான். தெருவே இறக்கியது. யானை எல்லையைத் தாண்டிக் கண்ணுக்கு மறைந்தது. நன்றியுரை குறித்த நேரத்தில் நடந்தது.

அரியணை காலியாக இருக்கலாகாது என்பதால் நயவசனரே முடிசூடினார். கருத்துக்கணிப்பில் அது மிகமிக நன்று என்று தெரிந்தது. பட்டத்து யானையைக் கொண்டுவரும் பெருமை தாழைமேட்டுக்குக் கிடைத்தது. காளத்தி யானையை நன்றாகக் குளிப்பாட்டி, நெற்றிப்பட்டம் கட்டி, அரண்மனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். புது வேந்தர் ஏணியில் ஒரு கால் வைத்தபடி யானையை மேலும் கீழும் பார்த்தார்.

"எப்படியப்பா, நல்ல யானைதானே?"

"தங்கமான யானைங்க மகாராஜா" என்றான் காளத்தி. "நல்லா நடக்கும்."