சாப்பாட்டு அறைப் படம்

சர்ச் மைதானத்தில் புரூனர் குடும்பத்தோடு நடந்த பேஸ்பால் ஆட்டத்தில், கர்ட் புரூனர் அவுட் என்று பாதிரியார் நார்பி கையை உயர்த்தியபோது, லோக்கன் குடும்பத்தில் கைதட்டாதவர் பெரியவர் ஹால்வர் ஒருவர்தான். இத்தனைக்கும் அவுட்டாக்கியது அவருடைய மருமகள்.

சிக்னே செய்தது இதுதான். பந்தை எறிபவனிடம் கொடுத்துவிட்டதுபோல் பாவனை காட்டி, கையுறைக்குள்ளேயே ஒளித்துக்கொண்டாள். இரண்டாவது பேஸின் மேல் நின்றிருந்த கர்ட்டிடம், "உன் பொண்டாட்டி கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட் எந்தப் பாத்திரம்?" என்று கேட்டாள். அவன் பேஸைவிட்டு இறங்கிக் கை காட்டினான். பேஸில் கால் இல்லாதவனைப் பந்தால் தொட்டால் அவுட்; தொட்டுவிட்டாள்.

"விதியில இடம் இருக்கு, மாமா."

"விதியில இருக்கும். நம்ம வீட்டுல இல்ல."

லோக்கன் வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஒரு பழைய புகைப்படம் தொங்குகிறது. இதே சர்ச் மைதானத்தில், ஹால்வரின் அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு புரூனரிடம் மன்னிப்புக் கேட்கிறார். மினசோட்டாவில் நேர்மைக்கு வேறு சாட்சி தேவையில்லை என்பது குடும்பத்தின் கருத்து.

"அந்தப் படத்துக்குக் கீழ உக்காந்து நான் இனிமே எப்படிம்மா சாப்பிடுவேன்?"

நேரே நடுவரான பாதிரியாரிடம் போனார். "அந்த அவுட்ட ரத்து பண்ணுங்க."

"அவுட் அவுட்தான். மனசு உறுத்துனா ஞாயித்துக்கிழமை வாங்க, பேசலாம்."

கடைசிச் சுற்று. இரு குடும்பமும் சமநிலை. லோக்கன்கள் ஒரு ஓட்டம் எடுத்தால் வெற்றி. மட்டையோடு கிளம்பிய சிக்னேயை ஹால்வர் தடுத்தார்.

"மூணு தடவையும் காத்துல வீசி அவுட்டாயிட்டு வந்து உக்காரு. சரிக்குச் சரியாயிடும்."

"வேணும்னே தோக்குறது மட்டும் ஏமாத்து இல்லையா, மாமா?"

"அது பரிகாரம்."

சிக்னே அடக்கமான மருமகள். கண்ணை இறுக மூடிக்கொண்டு வீசினாள். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் தவறவிட்டிருப்பாள். பந்து சோளக்காட்டு ஓரத்தில் போய் விழுந்தது. அதை எடுத்து வருவதற்குள் அவள் மூன்றாவது பேஸில் நின்றாள்; அடுத்து ஹோம் பேஸைத் தொட்டால் ஒரு ஓட்டம்.

ஹால்வருக்கு வேறு வழி தெரியவில்லை. தொப்பியைக் கழற்றினார். பந்து எறிய நின்ற லாய்ட் புரூனரை நோக்கி மைதானத்துக்குள் நடந்தார்.

"லாய்ட், என் மருமக பண்ணதுக்கு எங்க குடும்பமே உங்கிட்ட மன்னிப்புக் கேக்குது."

"என்னய்யா இது, நீ போய்..." என்றார் லாய்ட். பந்தையும் கையுறையையும் தரையில் போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார். புரூனர்கள் அத்தனை பேரும் வந்து சூழ்ந்தார்கள். கர்ட் மூக்கைச் சிந்தினான்.

பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தால், சிக்னே ஹோம் பேஸில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆட்டத்த நிறுத்தச் சொல்லி யாரும் என்னைக் கேக்கல," என்றார் பாதிரியார். "லோக்கன் குடும்பம் ஜெயிச்சாச்சு."

லாய்டின் கைகள் மெல்ல விலகின. ஹால்வரின் முகம் பீட்ரூட்டானது. ஓரத்தில் போர்வையோடு உட்கார்ந்திருந்த லாய்டின் அம்மா எட்னாவிடம் ஓடினார்.

"எட்னாம்மா, நீங்களாவது நம்புங்க. இது தந்திரம் இல்ல. எங்கப்பா எப்படி மன்னிப்புக் கேட்டாரோ, நானும் அப்படியேதான் கேட்டேன்."

"அப்படியேதான் கேட்ட, ஹால்வர்," என்றாள் எட்னா. "ஆனா உங்க வீட்டுப் படத்துல மட்டும் ஏன் ஓரத்த வெட்டி மாட்டியிருக்கீங்க? எங்க வீட்டுப் படத்துல, மூணாவது பேஸ்லேர்ந்து உங்க சித்தப்பா ஓடி வர்றது நல்லாத் தெரியுதே."