சைவக்கடை அக்காவும் சீசன் அண்ணன் விட்ட தோமானும்

வீட்டுக்கு ஒரு மீன்கூடக் கொண்டுவராமல் மீன்காரன் என்று பேர் வாங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கெடாவில், எங்கள் ஊரான பாக்கார் ஆராங்கில், என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். வீடு நிறையத் தூண்டில், அலமாரி நிறைய ரப்பர் தவளை, காடியின் பின்சீட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒரு வலை. இவ்வளவு இருந்தும் அந்த அடுப்பில் ஒரு நாளும் மீன் வாசம் வந்ததில்லை. எங்கள் தெருப் பூனைகள்கூட அவர் வாசலை எப்போதோ கைகழுவிவிட்டன.

பேர் சீசன் அண்ணன். அப்பா அம்மா வைத்த பேர் ஐசி அடையாள அட்டையில் இருக்கலாம், நாங்கள் பார்த்ததில்லை. கையுறைத் தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "இப்ப சீசன் இல்ல லா தம்பி." அவர் வீட்டுக் கேட் விடியற்காலையில் 'கிரீ...ச்' என்று கத்தி என் தூக்கத்தைக் கெடுக்கிறதே, கொஞ்சம் எண்ணெய் போடுங்களேன் என்று கெஞ்சினேன். "மழ மாசத்துல எண்ண நிக்காது தம்பி. சீசன் இல்ல." வெயில் மாசத்தில் கேட்டேன். "இரும்பு சூட்டுல விரிஞ்சிருக்கு தம்பி. இப்பப் போய் எண்ணயா?" அவ்வளவுதான், கேட் கத்திக்கொண்டே இருந்தது. வயது ஐம்பது தாண்டிவிட்டதே, கல்யாணம் எப்போது என்று யாராவது கேட்டால் மட்டும் சீசன் என்று சொல்லமாட்டார். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங்கை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்.

ஒரு தடவை பக்கத்து ஊர் சிடாம் கிரியில் ஒரு கல்யாணம். ஐயர் மாங்கல்யத்தை எடுத்துக் கொடுக்கிறார், மேளம் கொட்டப்போகிறது, அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு இடி. முன்வரிசையில் இருந்த அண்ணன் எழுந்தார். மூக்கை மேலே தூக்கி இரண்டு தடவை மோந்தார். கையிலிருந்த அட்சதையை என் கையில் கொட்டி, "நீ சேத்துப் போட்டுரு தம்பி, புதுத்தண்ணி எறங்குது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிட்டார். பெண்ணின் அப்பா இன்றைக்கும் என்னிடம்தான் கோபமாக இருக்கிறார். நான் என்ன செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை.

இப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை விடியலில் கேட்டைக் கிரீச்சிட்டு, "தம்பி, பசியாறாமயே வா, சீசன் வந்துருச்சு" என்று என்னை இழுத்துக்கொண்டு போவார். பாடாங் மேஹா பக்கம், செம்பனைக் காட்டுக்குள்ளே ஒரு பழைய ஏரி. அதில் தோமான் உண்டு. தோமான் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நம்ம விரால் இருக்கிறதே, அதற்குப் பெரியப்பா. பல்லும் கோபமும் பெரியப்பாவுக்கு ஏற்ற மாதிரியே இருக்கும்.

ஏரிக்கரையில் நின்றால் அண்ணன் வேறு ஆள். "வெயில் காலத்துல தண்ணி வத்தும் தம்பி. அப்ப பெரிசு எல்லாம் கட்ட நெழல்ல ஆழமாப் போய்ப் படுத்துக்கும். குட்டி மீனாட்டம் மின்னுற வெள்ளிக் கரண்டிய முள்ளோட அடியில விட்டு மெதுவா இழுக்கணும். மழ வந்தா புல்லுல தண்ணி ஏறும், இதுவும் ஓரத்துக்கு வரும். அப்பத்தான் ரப்பர் தவள. நேரா தலமேல போட்டே, ஓடிப்போயிரும். தள்ளிப் போட்டு, தத்தித் தத்திக் கொண்டாரணும்." தோமான் மூச்சு வாங்க மேலே வரும். அந்த வளையத்தைப் பார்த்து, அது போகிற திசைக்கு ஒரு முழம் முன்னால் தவளையைப் போடுவார். டமார் என்று ஒரு சத்தம். அப்புறம் இழுபறி. கரைக்கு வந்ததும் முள்ளை நாசூக்காகக் கழற்றி, "மன்னிச்சிருய்யா" என்று சொல்லித் தண்ணீரில் விட்டுவிடுவார்.

எனக்கு வயிறு எரியும். "அண்ணே, குழம்புக்காவது ஒண்ணு..."

"புரட்டாசி தம்பி."

நியாயம்தான். புரட்டாசியில் ஊரே சைவம். "மீனுக்கு நம்ம கேலண்டர் தெரியும் தம்பி. நம்ம வாயக் கட்டுற மாசமாப் பாத்துத்தான் அது வாயத் தொறக்குது" என்று அவரே சொல்லுவார். ஆனால் ஐப்பசியிலும் விட்டார். பங்குனியிலும் விட்டார். அதோடு, திரும்பி வந்ததும் என் வீட்டு எலுமிச்சை மரத்துக்கு வருவார். காயைப் பறித்து அறுத்து, முழங்கை வரைக்கும் தேய்ப்பார். மோந்து பார்ப்பார். மறுபடியும் தேய்ப்பார். மரம் மொட்டையாகிவிட்டது. ஊறுகாய்க்கு என் மனைவி பாசாரில் எலுமிச்சை வாங்குகிறாள், சொந்த மரம் வைத்துக்கொண்டு!

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "என்னண்ணே இது, கோயிலுக்கா போறீங்க?"

"சாப்பிடப் போறேன் தம்பி." குரலை இறக்கினார். "அவங்க சைவம். மீன் வாட பட்டா ஆவாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைவீதியில் சைவ உணவுக்கடை நடத்துகிற அக்கா. தங்கச்சியைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, தான் அப்படியே இருந்துவிட்டவர். கறாரான ஆள். சாம்பார் இரண்டாம் தடவை கேட்டால் முதலில் முறைப்பார், அப்புறம்தான் ஊற்றுவார். ஊரில் சைவக்கடை அக்கா என்பார்கள். நாளாவட்டத்தில் அதுவும் நீளம் என்று, நடுவில் இருந்த 'கடை'யை ஊர் தின்றுவிட்டு, சைவ அக்கா ஆக்கிவிட்டது.

அந்தக் கடையில் சோயாவிலே ஆட்டிறைச்சி செய்வார்கள். சோயாப்பாலில் எடுக்கிற தௌஃபூ தோலைச் சுருட்டி மீன் செய்வார்கள். கெடாவில் உள்ள தோமான் எல்லாம் பேர் கேட்டால் நடுங்குகிற எங்கள் அண்ணன், வருஷக்கணக்காகத் தினமும் மத்தியானம் அங்கே உட்கார்ந்து தௌஃபூ மீனைத் தின்றுகொண்டிருந்தார். முகம் சுளிக்காமல். ஒரே ஒரு தடவைதான் என் காதில் முணுமுணுத்தார்: "முள்ளு இல்லாத மீனுக்கு மானம் இல்ல தம்பி."

போன வருஷம் புரட்டாசி பாதியில் குண்டு விழுந்தது. தங்கச்சி கூப்பிடுகிறாளாம், தீபாவளிக்கு மறுநாள் அக்கா கடையை மூடிவிட்டு நாட்டின் மறுகோடியில் இருக்கிற ஜோகூருக்கே போகப்போகிறாராம். சேதியை நான்தான் கொண்டுபோனேன். அண்ணன் தூண்டில் ரீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். (கேட்டுக்கு இல்லை, ரீலுக்கு!) கை நின்றுவிட்டது.

"பேசுங்கண்ணே" என்றேன்.

"தலமேல போடக்கூடாது தம்பி. ஓரமாத்தான்..."

எனக்கு வந்ததே கோபம்! "அண்ணே, அது தோமான் இல்ல, மனுஷி! நீங்க ஓரமா ஓரமா போட்டுக்கிட்டே இருந்தா, அவங்க ஜோகூர்ல பேரப்புள்ள பாத்துருவாங்க!"

அவர் தலை நிமிரவில்லை. ரீலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் கண்கலங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நேரே கடைக்கு நடந்தேன்.

அக்கா இட்லித் தட்டு துடைத்துக்கொண்டிருந்தார். சுற்றிவளைக்காமல் கேட்டேன். "அக்கா, எங்க அண்ணனப் பத்தி என்ன நெனைக்கிறீங்க?"

தட்டு ணங்கென்று மேஜையில் விழுந்தது. "யாரு, அந்த மீன்காரரா? அவரு மீன்காரர்னு ஊரு சொல்லுது தம்பி. நான் ஒரு மீனக் கண்டேனா? ஒரு வாலு? ஒரு செதிலு? இத்தன வருசமா வாராரு, கையெல்லாம் எலுமிச்சங்கா வாசம்! ஒண்ணு அந்த ஆளு புளுகுறாரு, இல்லன்னா கஞ்சன்!"

"ஐயோ அக்கா, நீங்க சைவமாச்சேன்னுதான்..."

"யாரு சைவம்?"

"நீங்க."

"கடதான் சைவம், நான் இல்ல!" தெருவே திரும்பிப் பார்த்தது. அக்கா குரலைக் குறைத்துக்கொண்டார். "இந்த வரிசையில மீனும் கறியும் ஊத்துற நாசி கண்டார் கட எத்தன இருக்கு பாருங்க. நானும் மீனக் கொதிக்கவச்சா யாரு வருவா? வியாபாரம் வேற, வயிறு வேற தம்பி. புரட்டாசி ஒரு மாசந்தான் நான் வாயக் கட்டுறது. புளி போட்டுத் தோமான் குழம்பு வச்சு எத்தன வருசம் ஆச்சு தெரியுமா?"

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். இத்தனை காலம், இத்தனை எலுமிச்சை, இத்தனை தௌஃபூ!

வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணன் மூன்று நிறம் மாறினார். அடுத்த மழை ஞாயிறு, புரட்டாசி முடிந்திருந்தது, தீபாவளி வாசலில் நின்றது. காடியில் நான் பின்சீட்டில் வலையோடு. நான் கூப்பிட்டதும், "சும்மா பாக்கத்தான்" என்று வந்த அக்கா முன்சீட்டில், மடியில் ஒரு பை. பைக்குள் சட்டி, மிளகாய்த்தூள், புளி. பார்க்க மட்டும் வந்த ஆள் மாதிரி தெரியவில்லை.

ஏரி நிரம்பியிருந்தது. அண்ணன் ரப்பர் தவளையைக் கட்டிக்கொண்டு புல் ஓரமாகப் பதுங்கிப்போனார். நாங்கள் பின்னால். திடீரென்று கையை உயர்த்தி நிறுத்தினார். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சிலிர்த்தது. அங்கே ஒரே சிவப்பு.

"என்னங்க அது? யாராச்சும் குங்குமத்தக் கொட்டிட்டாங்களா?" என்றார் அக்கா.

"குஞ்சுங்க" என்றார் அண்ணன். "தோமான் குஞ்சு. கீழ ஆத்தாளும் அப்பனும் காவல் நிக்கும்."

சொல்லி வாய் மூடவில்லை, கருப்பாய் ஒரு முதுகு எழும்பி மூச்சு வாங்கிவிட்டு அமிழ்ந்தது. ஐயோ, அந்த முதுகு! அண்ணன் பல வருஷமாகத் துரத்திக்கொண்டிருந்த பெரிசு அதுதான். அந்தச் சிவப்புக்கு நடுவே தவளையைப் போட்டால் என்னைப் போன்ற மடையன்கூடப் பிடித்துவிடலாம். அவ்வளவு சுலபம்.

"போடுங்கண்ணே!" என்றேன்.

"போடுங்க, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார் அக்கா, புளிப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

அண்ணன் தூண்டிலை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே நின்றது. மெதுவாக இறக்கினார்.

"முடியாதுங்க."

"ஏன்?"

"இது இப்ப பசியில கடிக்காதுங்க. புள்ளைக்கு என்னமோ வந்துருச்சுன்னு கோவத்துல கடிக்கும். ஆத்தாள நம்ம தூக்கிட்டா, பொழுது சாயுறதுக்குள்ள மத்த மீனு வந்து எல்லாத்தையும் தின்னுரும்." தூண்டிலைக் கக்கத்தில் இடுக்கினார். "இப்ப... சீசன் இல்லங்க."

அவரை அப்படியே ஏரிக்குள் தள்ளிவிடலாமா என்று இருந்தது எனக்கு. கல்யாணம் கரையில் வந்து நிற்கிறது, இவர் குஞ்சுக்குக் காவல்!

அக்கா ரொம்ப நேரம் அந்தச் சிவப்பையே பார்த்தார். "எப்பத்தான் சீசன்?"

"குஞ்சு பிரியணும். தைப்பூசம் முடியணும். வெயில் ஏறித் தண்ணி எறங்கும், அந்தக் கட்டைக்கு அடியில போய்ப் படுக்கும். மாசியில புடிச்சிரலாங்க."

"தீபாவளிக்கு மறுநாள் எனக்கு ஜோகூர் பஸ்ஸு."

அண்ணன் அக்காவைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தே சொன்னார். "ஜோகூர்லயும் ஏரி இருக்குங்க. ஆனா அங்க சீசன் எனக்குத் தெரியாதுங்க."

மழை தூற ஆரம்பித்தது. அக்கா பையைத் திறந்து புளியை எடுத்துப் பார்த்தார். "அதுவரைக்கும் இத நான் என்ன செய்யறது?"

"புளி கெடாதுங்க" என்றார் அண்ணன்.

"அது எனக்குத் தெரியாதா? சமையக்காரிக்கிட்டயே சொல்லுங்க!" என்று சீறின அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "கடைய மூடல. மாசியில மீனு வரலன்னு வைங்க, உங்களத்தான் குழம்பு வப்பேன்."

மாசியில் வந்தது. வெள்ளிக் கரண்டியை அடியில் விட்டு, மெதுவாக இழுத்து, அந்தக் கட்டை நிழலிலிருந்தே கொண்டுவந்தார். அன்றைக்கு அண்ணன் வீட்டுப் பின்கட்டில் குழம்பு கொதிக்க, தெருப் பூனைகள் அத்தனையும் வாசலில் வரிசை பிடித்தன. அக்கா ஒரு வாய் எடுத்து வைத்தார். அண்ணன் பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி நின்றார்.

"கொஞ்சம் முள்ளுதான்" என்றார் அக்கா.

"மானமுள்ள மீனுங்க" என்றார் அண்ணன்.

பங்குனியில் முருகன் கோயிலில் சின்னதாகக் கல்யாணம். தாலி கட்டுகிறபோது இடி இடித்தது. நானும் ஊரும் அவரையே பார்த்தோம். மூக்கு லேசாக மேலே போனது என்னவோ உண்மை, ஆனால் மனிதர் அசையவில்லை.

மறுநாள் முதல் வேலையாக, அக்கா சொன்னார் என்று, கேட்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டார். இப்போது சத்தமே இல்லை. அவர் எப்போது கிளம்புகிறார் என்று எனக்குத் தெரிவதே இல்லை. அதனால் மழை வாசம் வந்தால் போதும், விடியறதுக்கு முன்னாலேயே நானாக எழுந்து, பசியாறாமல், அவர் காடி பக்கத்தில் போய் நின்றுவிடுகிறேன்.