சகலைக்கு ரெண்டு பொட்டு, எனக்கு ஒரு முழம்

வியாதியில்கூட ஒருத்தர்மேல் பொறாமைப்பட முடியும் என்பதை என் சகலை சாமுவேலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், ஊரப்பாக்கத்தில் இருக்கிறான். வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கும் வியாதி முதலில் அவனுக்குத்தான் வந்தது. (கார் வாங்கியதிலும் அவன்தான் முதல்.) ரெண்டு தொடை இடுக்கிலும் பொட்டளவு துளை போட்டு, உள்ளே ஒரு குழாயைச் செருகி, சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே வீக்கம் எனக்கு வந்தபோது, "உங்க ரத்தக்குழாய் அமைப்புக்கு அது சரிப்படாது சார், வயித்தைத் திறந்துதான் பண்ணணும்" என்றார் டாக்டர். ரத்தக்குழாயிலும் எனக்கு மட்டமான சரக்குதான்!

நெஞ்சுக்குக் கீழே ஆரம்பித்து, தொப்புளைச் சுற்றிக்கொண்டு இறங்கும் ஒரு முழத் தையல். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அஸ்தினாபுரம் வீட்டில் அரை டம்ளர் கஞ்சியோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் பைக் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினான் சாமுவேல்.

"சாமு எவ்ளோ ஃப்ரெஷ்ஷா இருக்காரு பாருங்க!" என்ற என் மனைவி கிரேஸ், அவனுக்கு வஞ்சிரம் வறுத்தாள். எனக்கு வாசனை மட்டும்.

"எனக்கு ரெண்டே பொட்டுதான் சகல. இப்ப தேடினாலும் கிடைக்காது" என்றான் மீனைக் கடித்தபடி.

தையலைவிட அதுதான் எரிந்தது.

நான் நடமாட ஆரம்பித்ததும், எங்கள் இருவருக்கும் சேர்த்து, பிழைத்ததற்கு நன்றியாகச் சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். சாமுவேல் முதலில் சாட்சி சொன்னான். சாவின் வாசல்வரை போய்த் திரும்பியதைக் குரல் தழுதழுக்க விவரித்தான். பெண்கள் அழுதார்கள். கிரேஸும் அழுதாள். (ரெண்டு பொட்டுக்கு!)

என் முறை. யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"அவருக்கு ரெண்டே பொட்டு. எனக்கு என்னன்னு நீங்களே பாருங்க!" என்று சட்டைப் பட்டன்களைக் கழற்றினேன்.

சபை "ஐயோ" என்றது. வெற்றி! உற்சாகத்தில் நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றை உள்ளே இழுத்தேன். தையலில் உரசாமலிருக்கத் தளர்வாகக் கட்டியிருந்த வேட்டி, பொத்தென்று காலடியில் விழுந்தது.

குனியவும் முடியாது, ஓடவும் முடியாது. பட்டாபட்டி டிராயரோடு ஆராதனைப் பீடத்தின் முன்னால் நின்றேன். யாரும் சொல்லாமலே பாடகர் குழு உச்சஸ்தாயியில் பாட ஆரம்பித்தது. ஓடிவந்து வேட்டியை எடுத்துக் கட்டிவிட்டவன் சாமுவேல். எவ்வளவு சுலபமாகக் குனிகிறான் பாவி! அந்த நேரத்திலும் வயிறெரிந்தது.

என்னைத் தன் காரில் ஏற்றிவிட்டு, அவன் மெதுவாகச் சொன்னான்: "நீங்க குடுத்து வச்சவரு சகல. உங்களுக்குப் பெரிய கண்டம் தாண்டியாச்சு. எனக்குக் குழாய் நகர்ந்துச்சா, எங்கயாவது கசியுதான்னு வருஷா வருஷம் ஸ்கேன். ரிசல்ட் வர்றவரைக்கும் சோறு இறங்காது. உங்களைப் பார்த்தா பொறாமையா இருக்கு."

அவன் கண் கலங்கியிருந்தது. என்மேல் பொறாமை! அவனுக்கு! அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது. எனக்கு உயிர் போகிற வலி. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

அடுத்த ஞாயிறு போதகர் அறிவித்தார்: "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னே வரலாம். சொன்னால் போதும், காட்ட வேண்டாம்."

இன்றைக்கும் நான் எந்தப் பெருமையை ஆரம்பித்தாலும், வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் கத்துகிறார்கள்: "சொன்னா போதும், காட்ட வேணாம்!"