கோபத்தை வென்றதற்கு அத்தாட்சி

சிவமயம்

தென்காசி,
1936, ஆடி மாதம்

திருவேங்கடம் ஊரிலிருக்கும் என் மைத்துனர் ஸ்ரீ ஆவுடைநாயகம் அவர்களுக்கு நம்பிராஜன் மரியாதையுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், மூன்று மாதமாய்ப் புகையாத அடுப்பும் சுகம். அவ்விடம் தாங்களும் என் மனைவி வடிவம்மாளும் சுகமென்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். கடிதத்துக்குப் பதில் போடும் வழக்கம் தங்கள் குடும்பத்தில் கிடையாது.

சித்திரையில் நான் எறிந்த செம்பு தங்களை நோக்கி எறியப்பட்டதல்ல. அது போகிற வழியில் தாங்கள் நின்றீர்கள். அதற்காகத் தங்கையை வண்டியேற்றி, "கோபம் போயிட்டுன்னு ஜவுளிக்கடை துல்கர்னைன் எழுதிக் குடுக்கட்டும், அனுப்புதேன்" என்று தெருவில் நின்று சொன்னீர்கள். காலேஜில் எஃப்.ஏ. பரீட்சை தேறியவனுக்கு ஜவுளிக்கடையில் நற்சாட்சிப் பத்திரம். அதையும் பொறுத்தேன். இப்போது வென்றும்விட்டேன்.

குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு சாமி வந்து தங்கியிருக்கிறார். யோகம் என்றால் தலைகீழாக நிற்பதல்ல, சேர்தல் என்று பொருள். பிரிந்து கிடக்கும் உயிர் ஈசனோடு சேர நாலு வழி உண்டு என்றார். பிரித்துக் கூட்டிப்போகிறவர்களுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். அந்தப் பேச்சை விடச் சொன்னார். முதலில் கர்ம யோகம், பலனை எதிர்பாராமல் வேலை செய்வது. விசுவநாதர் கோயில் பிரகாரம் முழுவதும் நான் கூட்டினேன். எனக்கு வரவேண்டிய ஹெட்கிளார்க் பதவியைத் தட்டிக்கொண்டு போன பரமசிவன் கடைசியில் வந்து விளக்குமாற்றைத் தொட்டான். தர்மகர்த்தா மாலையை அவன் கழுத்தில் போட்டார். பலனை நான் எதிர்பார்க்கவில்லை, அவன் எதிர்பார்த்திருக்கிறான். அடுத்தது பக்தி யோகம். நான் பாடியதைக் கேட்ட சாமியே ஞானத்துக்குப் போய்விடச் சொன்னார். ஞான யோகத்தில் நான் யார் என்று விசாரிக்க வேண்டும். விசாரித்ததில், என்னைப்பற்றி ஊரில் யார் யார் என்னென்ன பேசுகிறார்கள் என்பதுதான் தெரியவந்தது. மிஞ்சியது ராஜ யோகம், கண்ணை மூடி அசையாமல் உட்கார்வது. நேற்று சாரலில், அருவிக்கரைப் பாறையில் கோவணத்தோடு உட்கார்ந்தேன், துல்கர்னைன் சாட்சிக்கு நின்றார். எண்ணெய் தேய்க்கிற மாடன், நான் முறைக்குக் காத்திருக்கிற ஆள் என்று நினைத்து, உச்சியில் எண்ணெயைக் கவிழ்த்து முதுகில் அறைய ஆரம்பித்துவிட்டான். "சும்மா இரிங்கய்யா, நரம்பெல்லாம் முறுக்கிக் கெடக்கு" என்கிறான். சும்மாதான் இருந்தேன். குரங்கு என் வேட்டியோடு மரமேறிற்று. அப்போதும் சும்மா இருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பரமசிவன் குடும்பத்தோடு வந்து, "என்ன வே, பொண்டாட்டி போனதும் காவியா? அதுக்கும் ஒரு துணி வேணுமே" என்றான். நான் சிரித்தேன்.

துல்கர்னைன் குனிந்து, "அண்ணாச்சி, பல்லு நறநறங்குதே" என்றார்.

"குளிருது வே."

ஒரு பகல் முழுக்க நான் யாரையும் ஏசவில்லை என்று அவர் கையெழுத்திட்ட சாட்சி இத்துடன் இருக்கிறது. ஆகவே வடிவம்மாளை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அனுப்பவும். தாங்கள் துணைக்கு வரவேண்டியதில்லை. தங்கள் குழந்தைகளுக்கு என் ஆசி. தங்களுக்கும் சகல நன்மையும் உண்டாகட்டும், மனதாரத்தான் சொல்லுகிறேன்.

இப்படிக்கு,
கோபம் நீங்கிய
நம்பிராஜன்

பி.கு: உறையை ஒட்டுமுன் வடிவம்மாளே வாசலில் வந்து நிற்கிறாள். துல்கர்னைன் நேற்றே பஸ்காரரிடம் சேதி சொல்லி அனுப்பிவிட்டாராம். என்னை ஏற இறங்கப் பார்த்து, "சாமி சொன்னா கேட்டுட்டீய. இத்தன வருசமா நான் சொன்னது காதுல ஏறலையாக்கும்" என்றாள். அதற்கு நான் சொன்ன பதில் ரதவீதி வரை கேட்டதாம். மூட்டையைக் கீழே வைக்காமலே திரும்பிப்போகப் பஸ்ஸுக்கு நிற்கிறாள். துல்கர்னைனும் சாட்சியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆகையால் மேலே கண்டதெல்லாம் ரத்து. "அடுத்த வெள்ளி வந்து பாக்கேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுக்கிறேன். சாரல் விடவில்லை, அவளிடம் குடையும் இல்லை. பஸ் வரும்வரை நான் என் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறேன். வாயைத் திறக்க மாட்டேன்.