பெட்டியரும் பொட்டு வைத்த டிஸ்க்கும்

டென்மார்க்கில் இருக்கும் தமிழர்களில், ஒரு பொருளைக்கூடக் குப்பையில் போடாமல் முழு ஆயுளையும் வாழ்ந்து காட்டக்கூடிய ஒரே மனிதர் பெட்டியர்தான். தயிர் வாளி, வயிறு கழன்ற ரேடியோ, காலாவதியான பஸ் அட்டை, சோடி தொலைத்த ஒற்றைக் கையுறை எல்லாவற்றுக்கும் இக்காஸ்டில் இருந்த அவர் வீட்டில் நிரந்தர வதிவிட உரிமை உண்டு. எங்களுக்கு அந்த உரிமையைத் தர அரசாங்கம் வருடக்கணக்கில் யோசித்தது. பெட்டியர் வாசலில் வைத்தே கொடுத்துவிடுவார்.

தாய் தகப்பன் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. நகரசபைக்காரர் கடிதம் போடும்போது மட்டும் அதைப் பாவித்தார்கள். பெட்டியர் என்ற பெயர் வந்தது இப்படி. அவர் வேலை செய்த நெசவுத் தொழிற்சாலையை ஒருநாள் மூடினார்கள். எல்லோரும் கேக் சாப்பிட்டு, கைகுலுக்கி, வீட்டுக்குப் போனார்கள். இவர் கேக்கும் சாப்பிட்டு, எறிய வைத்திருந்த சேர்வரையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சேர்வர் என்றால் கந்தோரில் உள்ள எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக நின்று, தகவல்களைச் சேர்த்து வைக்கிற பெரிய கணினி. இது அந்தக் காலத்து உருப்படி. ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி அளவு. அதைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். வரவேற்பறைக்குள் அது வந்தால் தான் வெளியே போய்விடுவதாக அவர் மனைவி யோகம் அக்கா அறிவித்ததால், துணி துவைக்கும் அறையில், வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கிடைத்தது.

பெட்டிக்குள், தகவலைப் பதிந்து வைக்கிற ஐந்து டிஸ்க்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அந்த அடுக்கின் மகிமையை அவர் கலியாண வீட்டிலும் சொல்வார், செத்த வீட்டிலும் சொல்வார். "ஐசே, ஐஞ்சு பேர் சேர்ந்து ஒரு சோபாவை மூண்டாம் மாடிக்குத் தூக்கினமெண்டு வையும். ஒருத்தன் கையை விட்டாலும் மற்ற நாலு பேரும் சமாளிப்பினம். ரெண்டு பேர் விட்டால்தான் சோபா கீழை வரும்." ரெண்டு பேர் எப்போது விடுவார்கள் என்று கேட்டால் சிரிப்பார். அப்படி நடக்காதாம்.

இலங்கையில் சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் அந்தப் பெட்டிக்கு ஒரு வேலை கிடைத்தது. பெட்டியரின் சித்தப்பா மகன் தேவன் கிளிநொச்சியில் ஒரு தொலைத்தொடர்பு நிலையம் வைத்திருந்தான். அங்கே ஆள் விழித்திருக்கும் நேரம் இங்கே ஆள் தொழிற்சாலை ஷிப்டில் நிற்கும். அதற்குப் பெட்டியர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரில் இருப்பவர்கள் தேவனின் கடைக்குப் போய், கணினிக்கு முன்னால் இருந்து பேசவேண்டும். அந்தப் பேச்சு இணையத்தில் ஏறி இக்காஸ்டுக்கு வந்து பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும். நாங்கள் வேலை முடிந்து வந்து, பெட்டியர் வீட்டுத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, எங்களுக்கு வந்ததைக் கேட்கலாம். ஒரு முதியவர், மகன் மறுமுனையில் இருக்கிறான் என்று நினைத்து அதில் பேசிவிட்டு, பதில் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு, "வெளிநாடு போனதும் தகப்பனோடை கதைக்கிறதும் விட்டுப்போச்சோ" என்று தொடங்கி முழு வம்சத்தையும் திட்டியிருந்தார். மகன் அதைக் கேட்டுவிட்டு, தான் இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கியதே இல்லை என்றான்.

பிறகு சண்டை திரும்ப மூண்டது. வன்னிப் பாதையைப் பூட்டினார்கள். கிளிநொச்சியிலிருந்து குரல் வருவது நின்றது. பெட்டி மட்டும் துணிகளுக்கு நடுவே உறுமிக்கொண்டே கிடந்தது.

2009ஆம் ஆண்டு வைகாசியில் சண்டை முடிந்தது. அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் தொலைக்காட்சியை நிற்பாட்டவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று யாருக்கும் தெரியாது. மலர் அக்கா என்று ஒருவர், முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். அவருடைய ஒரே தம்பி ஜெயம் வன்னியில் அகப்பட்டுக்கொண்டான். மாதக்கணக்காக ஒரு செய்தியும் இல்லை. அவர் வேலை முடிந்து சீருடையோடேயே பெட்டியர் வீட்டுக்கு வந்து நின்று, மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, அவன்ரை குரல் உங்கடை பெட்டியிலை இன்னும் கிடக்குமோ?"

"நான் ஒண்டையும் அழிக்கிறேல்லைப் பிள்ளை. சனிக்கிழமை வாரும்" என்றார் பெட்டியர்.

சனிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார். விருந்தாளி வருகிறார் என்று, பல வருடமாக ஓய்வில்லாமல் ஓடிய பெட்டியை நிறுத்தி, வக்கூம் கிளீனரால் உறிஞ்சி, துணியால் துடைத்து, திரும்பப் போட்டிருக்கிறார். பெட்டி எழும்பவில்லை. ஐந்தில் மூன்று டிஸ்க்குகள் மட்டும்தான் தெரிகின்றன, மற்ற இரண்டும் கூட்டத்தில் இல்லை என்று திரை சொன்னது. சோபாவை ரெண்டு பேர் விட்டுவிட்டார்கள். பெட்டியரின் முகம் அப்படி வெளிறி நான் கண்டதில்லை.

இரண்டில் ஒன்றைத் திரும்பச் சேர்த்தால் போதும், நான்கு பேர் ஆகிவிடும். அடித்தட்டில் இருந்தது செத்த மாதிரிக் கிடந்தது. கை வைத்தால் ஒரு அசைவும் இல்லை. மேலிருந்து இரண்டாவது இனிமையாகச் சுற்றியது. பெட்டியர் துள்ளினார். "இது நல்லாச் சுத்துது ஐசே. இதையே சேர்ப்பம்." சேர்க்கும் பொத்தானுக்கு மேல் விரல் வந்துவிட்டது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு சின்ன விளக்கு உண்டு, நல்லதென்றால் பச்சை, பழுதென்றால் சிவப்பு. அந்த டிஸ்க்கின் விளக்கு மட்டும் ஏன் எரியவில்லை என்று நான் குனிந்து பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன்மேல் மெரூன் நிறத்தில் ஒரு ஒட்டுப்பொட்டு இருந்தது. உரித்தேன். உள்ளே சிவப்பு.

பெட்டியர் மனைவியைக் கூப்பிட்டார். யோகம் அக்கா துணிக்கூடையோடு வந்தார்.

"அது என்ரை பொட்டுத்தான். உந்தச் சிவப்பு லைட் மினுங்கி மினுங்கி, துணி மடிக்கேக்கை கண்ணைக் குத்தினது. ஒட்டிவிட்டனான்."

"எப்ப?"

"துளசிக்குச் சாமத்தியவீடு செய்த வருஷம்."

துளசி அவர்களுடைய மகள். அவள் பெரியபிள்ளையானபோது செய்த சடங்கு அது. இந்தச் சனிக்கிழமை வந்தபோது அவள் கோப்பன்ஹேகனில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியர் பொத்தானிலிருந்து விரலைச் சுட்டுக்கொண்டவர் போல எடுத்தார். அந்த டிஸ்க் சாமத்தியவீட்டு வருடமே கையை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு வந்த குரல் ஒன்றும் அதில் இல்லை. அதைப் புதிதென்று நம்பிச் சேர்த்திருந்தால், தன்னுடைய பழையதைப் புதியதோடு கலந்து, எல்லாவற்றையும் கூழாக்கியிருக்கும். அத்தனை குரலும் போயிருக்கும். ஆபத்தைச் சொன்ன சிவப்பு விளக்கை இத்தனை வருடமாக ஒரு பொட்டு மறைத்திருக்கிறது என்று அவர் கத்துவதற்கு வாயைத் திறந்தார். யோகம் அக்கா முந்திக்கொண்டார். "இஞ்சருங்கோ, நான் ஒட்டாட்டி இப்ப எது பழசெண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ?" பெட்டியர் வாயை மூடினார்.

ஆக, செத்துக் கிடந்ததைத்தான் எழுப்பவேண்டும். வைலே நகருக்குப் பக்கத்தில் க்னூத் என்று ஓய்வுபெற்ற டேனிஷ்காரர் ஒருவர், பழைய பன்றிக் கொட்டகை நிறையப் பழங்கணினிகள் சேர்த்து வைத்திருந்தார். பழைய சாமான் சந்தைகளில் ஒரே வயருக்குப் போட்டி போட்டு அவரும் பெட்டியரும் பழக்கம். என் காரில் புறப்பட்டோம். பெட்டியர் டிஸ்க்கைக் கம்பளித் தொப்பிக்குள் வைத்து, தொப்பியை மடியில் வைத்து, அதற்குக் குளிரக்கூடாது என்று வைகாசி வெயிலில் காரின் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டார். நான் வியர்வையில் நனைந்தேன். ஒவ்வொரு சுற்றுவட்டத்திலும், "ஆறுதலா, ஆறுதலா" என்றார். எங்களுக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே சேர்ந்தது. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. டேனிஷ்காரர் அடிக்கமாட்டார்கள், பொறுமையாகப் பின்னால் வந்து நம்மை வெட்கப்பட வைப்பார்கள்.

க்னூத் கோப்பி ஊற்றிவிட்டு, இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். பெட்டியர், "ஸ்டெம்மர்" என்றார். டேனிஷில் அந்தச் சொல்லுக்குக் குரல்கள் என்றும் பொருள், வாக்குகள் என்றும் பொருள். க்னூத் கோப்பையைக் கீழே வைத்து, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். எந்தத் தேர்தல், அரசாங்கத்துக்குத் தெரியுமா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். பெட்டியருக்கு விளங்கவில்லை. எங்கள் ஊர் ஆட்களுடையது, இப்போது அந்த ஆட்களையே காணவில்லை என்று சொல்லிக்கொண்டு போனார். க்னூத்தின் முகம் இன்னும் மோசமாகியது. நான் குறுக்கிட்டுக் காதையும் தொண்டையையும் தொட்டுக் காட்டி, சண்டையையும் சொன்னேன். அவர் தொப்பியை இரண்டு கையாலும் வாங்கினார்.

டிஸ்க்கை ஆட்டிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, இப்படிச் சொன்னார்: உள்ளே இருக்கிற தட்டில் படிக்கும் ஊசி ஒட்டிக்கொண்டது. வயது போன மோட்டருக்கு அதைப் பிய்க்கப் பெலன் இல்லை. சூடாக்கி, தட்டையாகப் பிடித்து, மணிக்கட்டால் ஒரு வெட்டு வெட்டித் திருப்பவேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தே செய்யுங்கள். எழும்பினால் ஒருமுறைதான் எழும்பும். எல்லாவற்றையும் வேறு கணினிக்குக் கொப்பி எடுக்கும்வரை நிறுத்தவே கூடாது.

திரும்பி வந்தபோது மலர் அக்கா வந்து காத்திருந்தார். யோகம் அக்கா, துணி உலர்த்தும் மெஷினை ஓடவிட்டு, அதன் தலையில் துவாய் விரித்து டிஸ்க்கை வைத்தார். சூடேறியதும் பெட்டியர் கையில் எடுத்தார். கண்ணை மூடினார். திருநீறு எங்கே என்றார். யோகம் அக்கா பொறுத்துப் பார்த்தார். அந்த வீட்டில் ஊறுகாய்ப் போத்தல் மூடிகளைத் திறக்கிறவர் அவர்தான்.

"தள்ளுங்கோ, தாங்கோ இஞ்சை."

ஒரு திருப்பு. ஒன்றும் இல்லை. இன்னொரு திருப்பு. உள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். பெட்டியர் அதைப் பறித்து அடித்தட்டில் செருகி, மின்சாரத்தைப் போட்டார். முதலில் முனகல். பிறகு சுழலும் சத்தம், மெல்ல மெல்ல ஏறி, சீராகி நின்றது. கூட்டத்தில் சேர் என்று பெட்டியர் கட்டளை கொடுத்தார். சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. அடுக்கு ஓடுகிறது, ஆனால் குறைபாட்டோடு ஓடுகிறது என்று திரையில் எச்சரிக்கை வந்தது. ஒரு எச்சரிக்கையைப் பார்த்து ஒரு மனிதர் வோஷிங் மெஷினைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டதை நான் அன்றுதான் கண்டேன்.

உடனே கொப்பி ஓடவிட்டார். ஜெயத்தின் பெயரைத் தேடி எடுத்தார். நாங்கள் எல்லோரும் தரையில் இருந்தோம்.

"அக்கா, நீ அனுப்பின சப்பாத்து கிடைச்சுது. ரெண்டு காலையும் ஒண்டுக்குள்ளை விடலாம். நான் என்ன யானையே? அடுத்தமுறை அளவு கேட்டு அனுப்பு. அத்தானைக் கேட்டதாச் சொல்லு. வேறையென்ன... வைக்கிறன்."

அவ்வளவுதான். மலர் அக்கா சிரித்தார். சிரித்தபடியே முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு, "இன்னொருக்காப் போடுங்கோ அண்ணை" என்றார். போட்டார். கேட்கக் கேட்கப் போட்டார்.

செய்தி பரவியது. ஹேர்னிங்கிலிருந்தும் விபோர்க்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வாசலில் சப்பாத்துகள் குவிந்தன. பக்கத்து வீட்டு டேனிஷ் அம்மா, உங்களுக்கு இன்று என்ன பெருநாள் என்று கேட்டார். உள்ளே துணிகளுக்கு நடுவே, மிக்ஸி கேட்ட மச்சாள், மாடு கன்று போட்டதை அறிவித்த பெரியப்பா, நடுவில் தும்மிவிட்டு மன்னிப்புக் கேட்ட பள்ளிக்கூட வாத்தியார் என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். யாரும் சிரிக்காத அந்த மாதத்தில் அந்த அறையில் மட்டும் சிரிப்புக் கேட்டது. கொப்பி முடியும்வரை டிஸ்க் நிற்கவே இல்லை.

சில வாரம் கழித்து ஜெயம் வவுனியா முகாமிலிருந்து அழைத்தான். உயிரோடு இருந்தான். எல்லோருக்கும் அப்படி அழைப்பு வரவில்லை. தேவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

பெட்டியர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவரவர் குரல்களை சீடியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். தனக்கு ஒன்றும் எடுக்கவில்லையா என்று கேட்டேன். தேவன் தனக்கென்று ஒருநாளும் பேசியதில்லையாம், கடைக்காரன் அல்லவா. ஆனால் ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும், ஆள் பேசமுன், ஓரத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்கிறான்: "ம், கதையுங்கோ." அந்த ஒரு வார்த்தையைப் பெட்டியர் எல்லாச் செய்தியிலும் கேட்டிருக்கிறார்.

இப்போது அவரும் யோகம் அக்காவும் துளசியோடு விபோர்க்கில் இருக்கிறார்கள். இங்கிருந்து அரைமணி நேரக் கார் ஓட்டம். ஒரு காரணமும் இல்லாமலே நான் அடிக்கடி போய்வருகிறேன்.